வலது மூலை கறுப்பு

வீரய்யா உட்காரும் முன் மேசையை ஊதுகிறார். நாலு பக்கமும் நாலு ஊதல். பிறகு வலது முன்கையால் ஒரே இழுப்பில் ஒரு துடைப்பு. அன்றைக்கு விழுந்த தூசியும் தேயிலைச் சருகும் கீழே போய்விட்டன என்று நிச்சயமான பிறகுதான் இடுப்பிலிருந்து கவ்வாத்துக் கத்தியை எடுத்து, கூர் சுவர்ப்பக்கம் பார்க்கும்படி பெஞ்சின் ஓரத்தில் வைக்கிறார். கத்தி ஆளைப் பார்த்துக் கிடந்தால் ஆட்டம் கசந்துபோகும் என்பது அவர் கட்சி. கடைசியாக, மாச்சாக்கில் தைத்த பையைக் கவிழ்க்கிறார். முப்பத்திரண்டு காய்கள் கடகடவென்று சீமெந்தில் விழுகின்றன.

வயது ஐம்பத்தொன்று. ஹாலிஎலவுக்கு மேலே, பஸ் திரும்பும் இடத்தையும் தாண்டி ஏறினால் வருகிற தோட்டத்தின் மேல்கணக்கில், அதாவது மேல்பிரிவில், கவ்வாத்து வெட்டுகிறவர். கிழடு தட்டிய தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்குச் சீவித் தள்ளுவது அவர் தொழில். அவர் வெட்டி முடித்த மலையை முதல்முறை பார்க்கிறவர்கள் ஏதோ தீப்பிடித்துப்போனதாக நினைப்பார்கள். வீரய்யாவுக்கு அது பெருமை. "மூணு மாசங் கழிச்சு வந்து பாருங்க" என்பார், ஏதோ அவரே நிலத்துக்கடியில் போயிருந்து தளிரை மேலே தள்ளிவிடப் போகிறவர்போல.

காய்கள் ஒவ்வொன்றும் நல்ல கனம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெறும் பிளாஸ்டிக் காய் நிற்காது என்று எல்லாவற்றின் அடியிலும் சீமெந்து அடைத்து வைத்திருக்கிறார். கறுப்பு யானை ஒன்று எப்போதோ காணாமல் போனது. அதன் இடத்தில் செத்துப்போன டோர்ச் பற்றரி ஒன்று நின்று இருபது வருடமாகச் சேவகம் செய்கிறது. ஆட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரித்தால், "சிரிக்காதீங்க. உசுரு இல்லாட்டியும் வேல செய்யும்" என்பார்.

'செக்' என்ற சொல் அவர் வாயில் வராது. ராஜாவைப் பார்த்து அப்படி அதட்டுவது மரியாதை இல்லையாம். எதிராளியின் ராஜா மாட்டிக்கொள்ளும்போது கொஞ்சம் முன்னால் குனிந்து, கோயில் வாசலில் நிற்கிற குரலில், "ராசாவே, கொஞ்சம் நவுருங்க" என்பார். நகர இடமில்லாத ராஜாவிடமும் அதையேதான் சொல்வார். தோற்றவனுக்கு எரிச்சல் தலைக்கேறும்.

இவரிடம் ஆட உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. வெள்ளைக்காய் கிடைத்தால் வீரய்யாவுக்கு ஒரே ஒரு தொடக்கந்தான். ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவார். அடுத்த நகர்த்தலில், ராஜாவுக்குக் காவலாகப் பக்கத்தில் நிற்கும் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, வெட்டிக்கொள் என்று எதிராளியின் வாயருகே நீட்டிவிடுவார். சொந்த வீட்டுக் கதவைக் கழற்றி அடுத்த வீட்டுக்காரனிடம் கொடுத்த கதை. ஆனால் பத்துப் பதினைந்து நகர்த்தலுக்குப் பிறகு, கதவு போன அந்த வழியாகவே அவருடைய யானை புறப்பட்டு வரும். மேல்கணக்கில் இந்தத் தொடக்கத்துக்குப் பேர் கவ்வாத்து. இடையில் நிலைமை மோசமாகி, பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டினால் தலையை நிமிர்த்தாமல், "பொறுங்க, தளிர் வரட்டும்" என்பார்.

மேசை பிறந்த கதையையும் சொல்லத்தான் வேண்டும். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குத் தாழ்வாரம் போட்டபோது மிஞ்சிய சீமெந்தில் ஒரு மேசையும் எதிரெதிராக இரண்டு பெஞ்சும் கட்டினார்கள். அதே சமயம், மாற்றலாகிப் போன ஒரு வாத்தியார் ஒரு பெட்டி செஸ் காய்களையும் மெல்லிய விதிப்புத்தகம் ஒன்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தார். மடிக்கிற பலகையை எலி தின்றுவிட்டது. "பலகதானே, நான் அடிச்சுத் தாரேன்" என்று முன்வந்தவர் மாடசாமி. பகலில் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் வேலை, லீவு நாளில் சுற்றுவட்டாரக் கோயில்களுக்குப் பெயின்ட் அடிப்பு. அம்மன் கோயில் வேலையில் மிஞ்சிய வெள்ளையும் கறுப்பும் அவரிடம் இருந்தன. நூல் பிடித்து, கோடு போட்டு, அறுபத்து நான்கு கட்டத்தையும் மேசைமேலேயே அடித்துக் கொடுத்தார். கோயில் வேலை செய்கிற எந்தக் கையும் நல்ல காரியத்தைக் கறுப்பில் தொடங்காது. மாடசாமியும் இடது கைப்பக்கத்து முதல் கட்டத்தை வெள்ளையில்தான் தொடங்கினார். ஒன்றுவிட்டு ஒன்றாகப் போனதில் எட்டாவது கட்டமான வலது மூலை கறுப்பாக வந்து முடிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தேங்காய்கூட உடைத்தார்கள்.

அன்று முதல் வீரய்யாவும் மாடசாமியும் அந்த இரண்டு பெஞ்சுகளில் எதிரெதிரே. ஞாயிறு, தீபாவளி, தேர்தல், கொரோனா எதுவும் அவர்களை அசைக்கவில்லை. கொரோனாக் காலத்தில் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு ஆடினார்கள். மாடசாமி தோற்றால் திட்டுவார்; வீரய்யா தோற்றால் சிரிப்பார். ஒருவர் வீட்டு நல்லது கெட்டது எல்லாம் மற்றவருக்கு இந்த மேசையில்தான் தெரியவரும், அதுவும் குதிரைக்கும் மந்திரிக்கும் நடுவில் கிடைத்த சந்தில். வேறெங்கும் அவர்கள் அதிகம் பேசிக்கொண்டதாக ஆரும் கண்டதில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் இந்த வருடம் தை மாதம் ஓர் அச்சாணி கழன்றது. தோட்டப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்குப் படிப்பிக்க நிவேதிகா என்றொரு டீச்சர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பதுளை டவுனில் வீடு. நல்ல பிள்ளை. வந்த இரண்டாம் கிழமை மடுவத்துப் பக்கமாக நடந்துபோனவர் ஆட்டத்தைக் கண்டு ஆசையாக நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"ஐயா, குறை நினையாதேங்கோ. இந்த மேசை பிழையெல்லோ? வலது கை மூலை வெள்ளையா இருக்கோணும்."

வீரய்யா குனிந்து தன் வலது மூலையைப் பார்த்தார். கறுப்பு. மாடசாமி தன் வலது மூலையைப் பார்த்தார். அதுவும் கறுப்பு.

"ராணி தன்ர நிறத்தில நிக்கோணும் எண்டு சரியாத்தான் வச்சிருக்கிறியள். ஆனா கட்டம் மாறிப்போனதால ராணி நிக்கிற இடத்தில ராஜாவும், ராஜா நிக்கிற இடத்தில ராணியும் நிக்கினம். இடம் வலம் மாறிப்போச்சு, அவ்வளவுதான்."

மரப்பலகையாக இருந்தால் கால்திருப்பு திருப்பி வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிக்கலாம். சீமெந்து மேசையை என்ன செய்வது? பெஞ்சு இரண்டும் நிலத்தோடு கட்டியவை.

வீரய்யா சத்தமாகச் சிரித்தார். "அட, இருவத்திரெண்டு வருஷமா ராசாவ ராணி ஊட்டுல குடிவச்சிருக்கோம் பாத்தியாடா" என்றார். மாடசாமி சிரிக்கவில்லை. ஆட்டத்தை முடிக்கவும் இல்லை. ஸ்டோரில் வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அன்றைக்கு ஸ்டோர் மூடியிருந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? டவுனுக்குப் போய்வருகிற இளசுகள் இரண்டு நாளில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "மாடசாமி மாமா அடிச்ச பலகையில ஆடுனா அது செஸ்ஸே இல்லயாம்" என்றான் ஒருவன். "அப்ப நாம இத்தன நாளா ஆடுனது என்னாடா?" என்றான் இன்னொருவன். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். ஆனால் மாடசாமி அதன்பிறகு மேசைப் பக்கம் வரவில்லை. மடுவத்தைக் கடக்க வேண்டியிருந்தால் கீழ்ப்பாதையால் சுற்றிப் போனார்.

மூன்று கிழமை வீரய்யா மேசையை ஊதித் துடைத்து, காய்களை அடுக்கி, எதிர்ப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு பொறுக்கமாட்டாமல் மாடசாமியின் லயத்து வீட்டுக்கே போனார். மாடசாமி வாசலில் நின்று தகர வாளி ஒன்றுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வாளிக்கு அதற்கு முன்பே இரண்டு பூச்சு ஆகியிருந்தது.

"ஏன்டா வர்றதில்ல?"

"வந்து என்னா செய்ய? எல்லாரையும் தப்பு ஆட்டம் ஆட வச்சவன் நான். ஒன்னயுந்தான்."

"தப்புன்னு எவன்டா சொன்னான்?"

"படிச்ச புள்ள சொல்லுது. வீரா, நீ எங்க போயி ஆடுனாலும் ஒன்னால ஒரு ஆட்டம் ஜெயிக்க முடியாதுடா. நான் ஒன்னக் கெடுத்து வச்சிருக்கேன்." சொல்லும்போது மாடசாமியின் தூரிகை வாளியில் ஒரே இடத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

வீரய்யா வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டுக்குப் போகும் முன்பே டீச்சரின் பஸ் வரும் இடத்தில் போய் நின்றார். டவுனில் மாசி மாதம் செஸ் போட்டி நடக்கிறதாமே, தன் பேரையும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். டீச்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நல்லா விளையாடினா கிண்ணமும் குடுப்பினம் ஐயா" என்றார்.

"கிண்ணம் எனக்கு என்னாத்துக்குங்க? ஒரு ஆட்டம். ஒன்னே ஒன்னு ஜெயிச்சாப் போதும்" என்றார் வீரய்யா.

டீச்சர் கொடுத்த அட்டைப் பலகையில் இரண்டு கிழமை வீட்டில் பழகினார். வெள்ளைக்காயை வைத்துக்கொண்டு தனக்குத்தானே ஆடித் தனக்குத்தானே தோற்றார். மூளைக்குப் புரிந்தது கைக்குப் புரியவில்லை. வலது கைக்காரனிடம் கவ்வாத்துக் கத்தியை இடது கையில் கொடுத்து மலையில் விட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. "எல்லாத்தையும் இடம் வலம் மாத்தி நினையுங்கோ" என்று டீச்சர் சொன்னதை மந்திரம்போல முணுமுணுத்தார். சோறு போட வந்த மனைவி இராக்கம்மா, "எடமும் வலமும் தெரியாமத்தான் இத்தன வருஷம் குடும்பம் நடத்துனீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. சட்டைப்பையில் ஹாலிஎலச் சந்தையில் வாங்கிய புது லேஞ்சி ஒன்றை, ஓரம் வெளியே தெரியும்படி இராக்கம்மா மடித்துச் செருகினாள். நீலக் கரை போட்ட கைக்குட்டை. "இதுல மூக்கு கீக்கு சிந்திப்புடாதீங்க. சும்மா பாக்கெட்டுல இருக்கட்டும், ஒரு மதிப்பா" என்றாள். வீரய்யா அப்படியே கேட்டார். அன்றைக்குப் பதுளையில் வெயில் கொளுத்தியது. வியர்வையை எல்லாம் முன்கையால்தான் துடைத்தார்.

போட்டி ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவில் ஆறே பேர். ஒவ்வொருவரும் மற்ற ஐந்து பேரோடும் ஆட வேண்டும். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். பக்கத்தில் மணிக்கூடு. நகர்த்தியதும் அதன் தலையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். வீரய்யா வாழ்க்கையில் மணிக்கூட்டைப் பார்த்து ஆடியதில்லை. மாடசாமி ஸ்டோருக்குப் போகும்வரை ஆட்டம், அதுதான் கணக்கு. காய்களும் கையில் நிற்கவில்லை. சீமெந்து அடைத்த காய்க்குப் பழகிய பிடி, வெறும் பிளாஸ்டிக்கை வெடுக்கென்று தூக்கியது. முதல் ஆட்டத்தில் கறுப்புக்காய். மூன்று முறை பக்கத்துக் காய்களைத் தட்டி விழுத்தி, ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டு, மணிக்கூட்டைத் தட்ட மறந்து, நேரம் முடிந்து தோற்றார்.

இரண்டாவது ஆட்டம் வெள்ளை. பஸீல் என்ற துணிக்கடைக்காரர் எதிரே. வீரய்யா கவ்வாத்தைத்தான் ஆட முயன்றார், இடம் வலம் மாற்றி. நன்றாகவே வந்தது. நடுவில் பஸீல் "செக்" என்றார். ராஜாவை ஒரு கட்டம் ஒதுக்கினால் ஒன்றுமில்லை. வீரய்யாவின் கை, இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், இடமிருந்து நாலாவது கட்டத்துக்குப் போய்க் காயைத் தொட்டது. மடுவத்து மேசையில் வெள்ளை ராஜா நிற்கிற கட்டம் அது. இந்தப் பலகையில் அங்கே நின்றது ராணி.

"தொட்டா அதைத்தான் ஆடணும்" என்றார் பஸீல், கொஞ்சம் சங்கடத்தோடு. நடுவர் ஷுக்ரியும் வந்து அதையே சொன்னார். ராணியைக் கொண்டுபோய் செக்குக்குக் குறுக்கே வைக்க வேண்டியதாயிற்று. பஸீல் அதை வெட்டினார். பக்கத்து மேசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீரய்யா அந்த ராணியைப் பலகைக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மாடசாமி சொன்னது காதில் விழுந்தது. நான் ஒன்னக் கெடுத்து வச்சிருக்கேன்.

மூன்றாவதும் போனது. நாலாவதும் போனது. ஓர் ஆட்டத்தில் மாற்றி நினைத்ததை மறுபடி மாற்றி நினைத்து, எது தன் பக்கம் என்றே குழம்பிப்போனார். மிச்சம் இருந்தது ஒன்று. அதுவும் சிற்றம்பலத்தோடு. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர். வருடா வருடம் இந்தப் பிரிவில் கிண்ணத்தைக் கொண்டுபோகிறவர் அவர்தான். அன்றும் நாலுக்கு நாலு. டீச்சர் ஒரு பிளேன்டீயும் பணிசு என்கிற இனிப்புப் பன்னும் வாங்கிவந்து கொடுத்து, "பரவாயில்லை ஐயா, முதல் தரந்தானே" என்றார். வீரய்யா பணிசைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், போய்க் கறுப்புக்காய்ப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். சிற்றம்பலம் இன்னும் வரவில்லை. மாற்றி நினைக்கவும் தெம்பில்லை. பலகையைச் சும்மா பார்த்தார்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. இடமிருந்து நாலாவது கட்டத்தில் ராஜா நின்றது.

கறுப்பு ராஜாதான். ஆனாலும் ராஜா. பக்கத்தில் வலது கைப்புறம் ராணி. வீரய்யா மறுபடி எண்ணினார். நேரான பலகையில் கறுப்புப் பக்கம் உட்கார்ந்தவன் கண்ணுக்குக் காய்கள் எப்படித் தெரியுமோ, அப்படியேதான் மடுவத்து மேசையில் வெள்ளைப் பக்கம் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். நிறந்தான் வேறு. காலையில் இரண்டு தரம் இதே பக்கம் உட்கார்ந்தும், மணிக்கூடும் மாற்றி நினைக்கிற மந்திரமும் கண்ணை மறைத்துவிட்டன. ஒன்றையும் மாற்ற வேண்டியதில்லை. இது அவருடைய பெஞ்சு. ஒரே ஒரு குறை, முதல் நகர்த்தல் எதிராளிக்கு. போகட்டும் என்று பணிசை ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

சிற்றம்பலம் வந்து கைகொடுத்து, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். வீரய்யாவும் தள்ளினார். சிற்றம்பலம் குதிரையை எடுத்தார். வீரய்யா பக்கத்துக் காவல் சிப்பாயைப் பிடித்து, வீட்டில் தள்ளுகிறமாதிரியே, இரண்டு கட்டம் முன்னால் தள்ளினார். கவ்வாத்து. அதுவும் கறுப்பில்.

சிற்றம்பலம் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டினார்.

"உது என்ன தம்பி, லட்வியன் கம்பிற்றோ?"

"இல்லீங்கய்யா. கவ்வாத்துங்க."

நாற்பது வருடம் ஊவா மலையில் கடதாசி புரட்டியவருக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று தெரியாதா? பெரியவர் சிரித்துவிட்டார். "நல்ல பேர். லட்வியா எண்டொரு நாட்டின்ர பேர்ல புத்தகத்தில கிடக்கு உது. இத்தனை வருஷத்தில எனக்கு ஒருத்தரும் உதை விளையாடேல்லை." பிறகு நெற்றியைத் தேய்த்தார். "உதுக்கு ஒரு மருந்து இருக்கு. படிச்சனான். என்னெண்டு ஞாபகம் வருகுதில்லை."

மருந்தைத் தேடி ஒன்பது நிமிடம் போனது. வீரய்யாவுக்கோ புத்தகமும் இல்லை, மருந்தும் இல்லை; மடுவத்து மேசையில் மழைக்கும் வெயிலுக்கும் ஆடிய ஆட்டங்கள்தான் கையில் இருந்தன. ஒரு சிப்பாய் போனது. இன்னொன்றும் போனது. பின்னால் நின்ற டீச்சர் மெல்ல உச்சுக்கொட்டினார். வீரய்யா திரும்பாமலே, "பொறுங்க டீச்சர், தளிர் வரட்டும்" என்றார். அன்றைக்கு அவர் அதைச் சொன்னது அப்போதுதான் முதல் தடவை.

ஓரிடத்தில் வீரய்யா நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நேரம் அவர் பக்கத்தில் கரைந்துகொண்டிருந்தது. சிற்றம்பலம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, "தம்பி, மணிக்கூட்டை அமத்துங்கோ" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு ஒரு கடமையும் இல்லை. நல்ல மனுசன்.

ஆட்டம் சூடாகி, சிற்றம்பலம் தன் மந்திரியைக் குறுக்கே இழுத்து "செக்" என்றார். வீரய்யாவின் கை யோசிக்கக் காத்திருக்கவில்லை. தன்பாட்டில் புறப்பட்டு இடமிருந்து நாலாவது கட்டத்துக்குப் போயிற்று. காலையில் ராணியைத் தொட்டு மானம் போன அதே கட்டம், அதே கை. தொட்டது ராஜாவை. ஒரு கட்டம் ஒதுக்கினார். மணிக்கூட்டை மறக்காமல் தட்டினார். கதவு போன வழி திறந்து கிடந்தது. அடுத்த நகர்த்தலில் யானை அந்த வழியாக இறங்கியது. பிறகு ராணியும் சேர்ந்துகொண்டது. வீரய்யா கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

"ராசாவே, கொஞ்சம் நவுருங்க."

சிற்றம்பலத்தின் ராஜாவுக்கு நகர ஒரு கட்டம் இருந்தது. அதற்கடுத்து இல்லை. பெரியவர் பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டுத் தன் ராஜாவை மெல்லப் படுக்கவைத்தார். தான் பழக்கத்தில் குறித்துக்கொண்டே வந்த ஆட்டத்தாளைக் கிழித்தெடுத்து, மேலே தொடக்கத்தின் பேரைக் கவ்வாத்து என்று தமிழில் எழுதி, வீரய்யாவிடம் கொடுத்தார். கிண்ணம் வழக்கம்போல அவருக்குத்தான். வீரய்யா கடைசி இடம். மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது அவர் நடையைப் பார்த்தவர்கள் அப்படி நினைத்திருக்கமாட்டார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஏறி வரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மடுவத்துத் தாழ்வாரத்தில் ஆள் தெரிந்தது. மாடசாமி. மேசையில் இரண்டு தகர டின், ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. மத்தியானத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார், தூரிகையைத் தொடவேயில்லை என்று தண்ணீர் பிடிக்கவந்த பெண் சொல்லிவிட்டுப் போனாள். இப்போதுதான் தொடங்கியிருந்தார். வலது மூலைக் கட்டம் ஒன்று மட்டும் பச்சை ஈரத்தில் வெள்ளைவெளேரென்று பளபளத்தது.

"எல்லாத்தையும் மாத்தி அடிச்சிர்றேன் வீரா" என்றார், நிமிராமல். "மொதல்லயே செஞ்சிருக்கணும்." தூரிகையை டின்னில் தோய்த்துக்கொண்டே, "என்னாச்சு அங்கன?" என்றார்.

"நாலு தோத்தேன்."

மாடசாமி தலையை ஆட்டினார். அதுதான் தெரியுமே என்கிறமாதிரி.

"ஒன்னு ஜெயிச்சேன். சம்பியன. அவங்க பலகையில, நம்ம ஆட்டம். எதையும் மாத்தலடா, அப்புடியே ஆடுனேன்." வீரய்யா ஆட்டத்தாளை எடுத்து டின்களுக்கு நடுவில் வைத்தார். "கவ்வாத்து பொஸ்தகத்துல இருக்காம்டா. லட்வியான்னு ஒரு நாடாம். அங்கயும் எவனோ ஒரு மாடசாமி பலக அடிச்சிருக்கான் போல."

மாடசாமி தாளைத் தொடவில்லை. எழுத்துக்கூட்டி மேல்வரியை மட்டும் படித்தார். மறுபடியும் படித்தார். அவர் கையிலிருந்த தூரிகையிலிருந்து வெள்ளைச் சொட்டு ஒன்று பெஞ்சில் விழுந்தது. கண் கலங்கியதா, பெயின்ட் வாடையா என்று கேட்டால் வாடை என்றுதான் சொல்வார்.

வீரய்யா தன் பெஞ்சில் உட்கார்ந்தார். மேசையை நாலு பக்கமும் ஊதினார். பிறகு சட்டைப்பைக்குள் இரண்டு விரலை விட்டு, நாள் முழுக்க மடிப்புக் கலையாமல் வைத்திருந்த லேஞ்சியை வெளியே எடுத்து உதறினார்.

"டேய், புது லேஞ்சிடா! இராக்கம்மா கொன்னுபுடும்!"

வீரய்யா நிறுத்தவில்லை. வலது மூலையில் ஈரமாயிருந்த வெள்ளையை, அடியில் கறுப்புத் தெரியும்வரை, அழுத்தி அழுத்தித் துடைத்தார்.